மொட்டை மாடியில் வெந்நீர்: சோலார் வாட்டர் ஹீட்டருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த ஊர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் இதைக் கட்டியதாக அங்குள்ள கல்வெட்டு பெருமையுடன் சொல்கிறது. விறகு, கேஸ், கரண்ட், மோட்டார் எதுவும் இல்லாமல் வெந்நீர் தரும் ஒரு கருவியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

வெயிலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. அந்த வெயிலைக் குளியலறைக் குழாய்வரை கொண்டுவருவது எப்படி என்பதை முதல் படியிலிருந்து சேர்ந்தே பார்ப்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வோம்: சோலார் ஹீட்டர் நன்றாக உழைக்குமா என்பது கடையில் முடிவாவதில்லை. கடைக்குப் போகும் முன் நம் வீட்டு மாடியில் முடிவாகிறது.

என்ன இது?

மாடியில் நாம் பார்க்கும் சோலார் கருவிகள் இரண்டு வகை. ஒன்று, வெயிலைக் கரண்டாக மாற்றும் பேனல். மற்றது, வெயிலின் சூட்டை நேரடியாகத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட்டர். நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. இதில் மூன்று பாகங்கள்தான்: வெயிலை வாங்கும் பகுதி, வெந்நீரைச் சேமிக்கும் டேங்க், இரண்டையும் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு.

இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891லேயே சோலார் வாட்டர் ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில், சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்குவதற்காக அமைக்கப்பட்டது. அதில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக்கு வேண்டியது குளிக்கும் சூடு மட்டுமே. அதற்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை.

எப்படிச் சூடாகிறது?

சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும். குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். மொத்த இயக்கமும் இந்த ஒரு விதியில் அடங்கிவிடுகிறது.

வெயில் படும் குழாய்கள் கீழே சாய்ந்திருக்கும். டேங்க் அவற்றின் தலைமாட்டில் இருக்கும். குழாயில் சூடான தண்ணீர் டேங்குக்கு ஏற, டேங்கின் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு இறங்கும். அதுவும் சூடாகி ஏறும். வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது. மாலைக்குள் டேங்க் தண்ணீர் 60 டிகிரியை எட்டும். கோடையில் அதையும் தாண்டும். டேங்கைச் சுற்றியுள்ள ஃபோம் உறை சூட்டை இரவெல்லாம் பிடித்துவைத்து, விடியற்காலையில் நமக்குத் தருகிறது.

நமக்குத் தேவையா?

சித்திரை, வைகாசியில் நம் ஊரில் சாதாரண டேங்க் தண்ணீரே சுடும். வெந்நீர் தேவைப்படுவது பெரும்பாலும் ஐப்பசி முதல் மாசி வரை. வீட்டில் கைக்குழந்தை, பிள்ளை பெற்றவர், மூட்டுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் ஆண்டு முழுவதும் தேவைப்படும்.

தினமும் கீசரோ ஹீட்டர் ராடோ போடும் வீடு என்றால் சோலார் கட்டாயம் யோசிக்க வேண்டியது. விறகடுப்பில் வெந்நீர் காயும் வீட்டில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: விடியற்காலையில் புகையில் உட்காரும் வேலை போகும். மார்கழியில் மட்டும் நான்கு நாள் வெந்நீர் வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம்.

குழாயா, தகடா?

சந்தையில் இரண்டு வகைகள் கிடைக்கின்றன.

கண்ணாடிக் குழாய் வகையைச் சுருக்கமாக இடிசி என்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள்; நடுவில் வெற்றிடம். உள்குழாயில் கறுப்புப் பூச்சு. வெற்றிடத்தின் வழியே சூடு எளிதில் வெளியேறாது என்பதால் மேகமூட்டத்திலும் ஓரளவு நன்றாக வேலை செய்யும். விலை குறைவு. ஆனால் கண்ணாடி உடையும். உப்புத் தண்ணீர் குழாய்க்குள் படியும்.

தட்டைத் தகடு வகையை எஃப்பிசி என்பார்கள். அலுமினியப் பெட்டிக்குள் கறுப்புப் பூச்சுள்ள தகடும் செப்புக் குழாய்களும், மேலே கடினக் கண்ணாடி மூடியும் இருக்கும். விலை கூடுதல், உறுதியும் கூடுதல். உப்புத் தண்ணீருக்கென ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த மாடலும் இதில் உண்டு. அதில் நாம் குளிக்கும் தண்ணீர் செப்புக் குழாய்க்குள் போகாது. தனியாகச் சுற்றும் நல்ல தண்ணீர் சூட்டை மட்டும் கைமாற்றும்.

செஞ்சி மலைகளின் அடிவாரத்தில் குரங்குத் தொல்லை உள்ள வீடுகளுக்குத் தகடு வகையே நிம்மதி. மற்றவர்களுக்கு, தண்ணீர் நன்றாக இருந்தால் குழாய் வகை போதும்.

எத்தனை லிட்டர்?

ஒரு கணக்குப் போடுவோம். 60 டிகிரி வெந்நீர் 10 லிட்டருடன் 27 டிகிரி பச்சைத் தண்ணீர் 15 லிட்டர் கலந்தால், 40 டிகிரியில் 25 லிட்டர் கிடைக்கும். இதமான குளியல் சூடு அது. ஒருவர் இரண்டு வாளி, அதாவது 40 லிட்டரில் குளிக்கிறார் என்றால் அவருக்கு வேண்டிய வெந்நீர் 16 லிட்டர்தான். நான்கு பேருக்கு 64 லிட்டர்.

ஆகவே நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 100 லிட்டர் மாடல் தாராளம். கூட்டுக் குடும்பம், ஷவர் பழக்கம், வெந்நீரில் பாத்திரம் கழுவும் வழக்கம் இருந்தால் 150 அல்லது 200 லிட்டருக்குப் போகலாம்.

வாங்கும் முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை, தண்ணீர். பாறைப் பூமியில் போர் தண்ணீரில் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்புத் தன்மையும் இருக்கும். வீட்டு பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று கவனிப்போம். உறுதியாகத் தெரிந்துகொள்ள, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துக் கடினத்தன்மையைப் பார்க்கலாம். லிட்டருக்கு 200 மில்லிகிராமைக் கணிசமாகத் தாண்டினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த தகடு வகையை விசாரிப்போம். அல்லது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் நன்றாக இருந்தால் அதை இதற்கென ஒதுக்குவோம்.

இரண்டாவது, நிழல். ஹீட்டர் தெற்குப் பார்த்து நிற்க வேண்டும். நமக்கு அதிகம் தேவைப்படும் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது உச்சி வேளையிலேயே 10 அடிச் சுவரின் நிழல் 7 அடி வடக்கே விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். காலை 9 மணிக்கும், நடுப்பகலிலும், பிற்பகல் 3 மணிக்கும் மாடி ஏறிப் பார்ப்போம். தென்னையோ, மாடிப்படி அறையோ, பக்கத்து வீட்டுச் சுவரோ மறைக்காத இடமே நம் இடம்.

மூன்றாவது, உயரம். மோட்டார் இல்லாத அமைப்பில் பச்சைத் தண்ணீர் டேங்கின் அடிமட்டம், சோலார் டேங்கின் உச்சியைவிட ஓரடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டேங்க் முழுதாக நிரம்பாது. பச்சைத் தண்ணீர் டேங்க் மாடித் தரையோடு தரையாக இருந்தால் மேடை கட்டி உயர்த்தும் செலவையும் சேர்த்துக்கொள்வோம்.

தளத்தின் பலமும் முக்கியம். தண்ணீர் நிரம்பிய 100 லிட்டர் ஹீட்டர் 150 கிலோ எடையைத் தாண்டும். கான்கிரீட் தளம் தாங்கும். ஓட்டுக் கூரை, ஷீட் கூரை மேல் ஏற்றவே கூடாது. அந்த வீடுகளுக்குத் தரையிலிருந்து தனி இரும்பு மேடை வேண்டும்.

எவ்வளவு செலவு?

100 லிட்டர் குழாய் வகை ஏறக்குறைய 15,000 முதல் 25,000 ரூபாய் வரை. அதே அளவில் தகடு வகை 30,000 ரூபாயைத் தாண்டலாம். பைப், வால்வு, பிளம்பர் கூலி எனத் தனியாக 3,000 முதல் 8,000 ரூபாய் ஒதுக்குவோம். 2022 ஜூலையில் 12 விழுக்காடாக உயர்ந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பில்லில் இதைச் சரிபார்ப்போம்.

போட்ட பணம் எப்போது திரும்பும்? 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 4 யூனிட் கரண்ட் வேண்டும். ஆண்டில் 150 நாள் என்றால் 600 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 3,600 ரூபாய் மிச்சம். 22,000 ரூபாய் முதலீடு ஆறு ஆண்டுகளில் திரும்பிவிடும். நன்றாகப் பராமரித்தால் அதன் பிறகும் பல ஆண்டுகள் உழைக்கும்.

இன்னொன்றையும் கவனிப்போம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப்போகக் கட்டணம் ஏறும். கீசர் இழுக்கும் யூனிட்டுகள் நம் பில்லின் உச்சியில்தான் போய்ச் சேர்கின்றன. 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குச் சேமிப்பு இன்னும் அதிகம். பில்லே வராத வீட்டுக்குக் கரண்ட் கணக்கில் லாபமில்லை. விறகும் உழைப்பும் மிச்சமாவதுதான் லாபம்.

கடையில் என்ன கேட்பது?

தகடு வகைக்கு ஐஎஸ் 12933 முத்திரை உண்டா? டேங்கின் உள்பகுதி எந்த எஃகு? உப்புத் தண்ணீர் தாங்குமா? ஃபோம் உறை எத்தனை மில்லிமீட்டர்? 50 இருந்தால் நல்லது. டேங்குக்கும் குழாய்க்கும் தனித்தனியாக எத்தனை ஆண்டு வாரண்டி? பொருத்தும் கூலி விலையில் அடக்கமா? பழுது பார்க்க விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி எங்கிருந்து ஆள் வருவார்? பதில்களை எழுதி வாங்கிக்கொள்வோம். குறைந்தது மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கி ஒப்பிடுவோம்.

பொருத்தும் நாள்: படிப்படியாக

1. ஸ்டாண்டைத் தெற்குப் பார்த்து நிறுத்தி, கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்வோம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தை எப்படி உலுக்கியது என்று நமக்குத் தெரியும். செங்கல்லை அண்டக்கொடுத்து விட்டுப்போக அனுமதிக்க வேண்டாம்.

2. பச்சைத் தண்ணீர் டேங்கிலிருந்து சோலாருக்குத் தனி பைப் வர வேண்டும். அதில் வேறு குழாய்களுக்குக் கிளை பிரிக்கக் கூடாது. நடுவில் ஒரு கேட் வால்வும், வெந்நீர் பின்னோக்கி ஏறாமலிருக்க நான் ரிட்டர்ன் வால்வும் வைப்போம்.

3. வெந்நீர் இறங்கும் வழியில் சிபிவிசி பைப்தான் போட வேண்டும். சாதாரண பிவிசி சூட்டில் வளைந்து இணைப்பு விட்டுப்போகும். பைப் நீளம் குறையக் குறைய நல்லது. அதன் மேல் சூடு காக்கும் உறை கட்டுவோம்.

4. டேங்கின் உச்சியில் ஏர் வென்ட் பைப் அவசியம். அதன் வாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

5. குழாய்களைச் செருகும் முன் ஒவ்வொன்றின் அடிமுனையையும் பார்ப்போம். அங்கே வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு இருக்கும். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்து வெற்றிடம் போய்விட்டது. அந்தக் குழாய் சூடேறினாலும் சூட்டைப் பிடித்துவைக்காது. உடனே மாற்றித் தரச் சொல்வோம்.

6. முதல் முறை தண்ணீர் நிரப்புவது விடியற்காலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. வெயிலில் காய்ந்த காலிக் குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடிக்கும்.

தினமும் எப்படி?

காலையில் வெந்நீரை எடுப்போம். காலியான அளவுக்குப் பச்சைத் தண்ணீர் தானாக நிரம்பி, அன்றைய வெயிலில் சூடாகும். மாலையில் நிறைய எடுத்துவிட்டால் பச்சைத் தண்ணீர் கலந்து, மறுநாள் காலைச் சூடு குறையும். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது பைப்பில் தங்கிய ஆறிய தண்ணீர். அதை வாளியில் பிடித்துத் துணிக்கோ செடிக்கோ பயன்படுத்துவோம்.

தொடர் மழைக்காலத்துக்கு டேங்கில் மின்சார காயில் வைத்துக்கொள்ளலாம். எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லாமல் வைக்கவே வேண்டாம். அதைத் தேவைப்படும் காலையில் மட்டும் போடுவோம். இரவு முழுவதும் ஓடவிட்டால் மறுநாள் வெயிலுக்கு அங்கே வேலையே இருக்காது.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை விடியற்காலையில் ஈரத்துணியால் தூசியைத் துடைப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கின் அடி வால்வைத் திறந்து வண்டலை வெளியேற்றுவோம். உப்புத் தண்ணீர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கை வைத்து உப்பை நீக்குவோம். குழாய்களின் ரப்பர் கேஸ்கெட்டில் கசிவு தெரிந்தால் உடனே மாற்றுவோம். ஊருக்குப் போகும்போது டேங்கை நிரம்பிய நிலையிலேயே விட்டு, குழாய்கள் மேல் சாக்கோ துணியோ போட்டு மூடிவிட்டுப் போவோம்.

எச்சரிக்கை

கோடையில் இந்தத் தண்ணீர் தோலை வேகவைக்கும் சூட்டில் வரலாம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். குழந்தைகளைத் தனியாகக் குழாயைத் திறக்க விட வேண்டாம். இந்தத் தண்ணீர் குளிக்கவும் கழுவவும் மட்டுமே, குடிக்க வேண்டாம்.

மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் விழிப்பாக இருப்போம். வீட்டு சோலார் ஹீட்டருக்கு மத்திய அரசு தந்த பொது மானியம் 2014இல் நின்றுவிட்டது. 2024இல் தொடங்கிய பிஎம் சூர்யா கர் திட்டத்தின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் கரண்ட் எடுக்கும் பேனலுக்குத்தான். வெந்நீர் ஹீட்டருக்குப் பொருந்தாது.

இனி என்ன?

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்போம். மூன்று வேளை மாடி ஏறி நிழல் பார்ப்போம். அளவு நாடாவால் டேங்கின் உயரத்தை அளப்போம். மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மூன்றும் சரியாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்று தவறினாலும் அதைச் சரிசெய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.