வெண்பனியில் ஒரு மலைநடை

"பனி" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ பொருள்களைச் சொல்லிவிடுகிறோம். மார்கழி விடியற்காலையில் கோலத்தை ஈரமாக்குவதும் பனி. கொடைக்கானல் மலைப்பாதையில் எதிரே வரும் பஸ்ஸை மறைப்பதும் பனி. இமயமலைச் சிகரங்களில் இருப்பதும் பனியே. ஒரு ஜனவரி காலையில் ஊட்டிப் புல்வெளி வெளுத்துக் கிடந்ததைப் பார்த்து என் தங்கை "ஸ்னோ! ஸ்னோ!" என்று கூச்சலிட்டாள். அது ஸ்னோ அல்ல, உறைபனி. நிலத்தை ஒட்டிய காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த புல்லின்மேல் படிகமாகப் படிவது அது. வெயில் ஏறினால் மறைந்துவிடும். மேகத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கி, அடுக்கடுக்காய்க் குவிந்து, முழங்காலையும் இடுப்பையும் எட்டுவதே வெண்பனி. அந்த வெண்பனியில் மலைமேல் நடப்பதைப் பற்றியே இங்கு எழுதப் போகிறேன். நான் நடந்தவள் அல்ல, படித்தவள் மட்டுமே.

ஸ்காட்லாந்து நாட்டின் வடபகுதியில் கெய்ர்ன்கார்ம் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான பென் மக்டூயியின் உயரம் 1,309 மீட்டர். நம் கொடைக்கானல் ஊரோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. "இவ்வளவுதானா?" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பூகோளப் பாடத்தை மறந்துவிடக் கூடாது. கொடைக்கானல் இருப்பது வடக்கே 10 பாகையில். கெய்ர்ன்கார்ம் இருப்பது 57 பாகையில். அங்கே நவம்பர் மாதக் கடைசியில் பிற்பகல் 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மலையின் மேற்பகுதி கூர்மையான சிகரமாக இல்லாமல், மேசைபோல் பரந்த பீடபூமியாக இருக்கிறது. காற்றைத் தடுக்க அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. 1986 மார்ச் 20ஆம் தேதி கெய்ர்ன்கார்ம் உச்சியில் வீசிய காற்றின் வேகம் மணிக்கு 173 மைல் என்று கருவியில் பதிவாகியிருக்கிறது.

இந்தக் காற்றுதான் முதல் எதிரி. நம் உடல் தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய வெப்பக் காற்றுப் போர்வையை வைத்திருக்கிறது. காற்று அந்தப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடும். வெப்பநிலை மைனஸ் 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 15 டிகிரிபோல் உறைக்கும். ஆடை நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கியதும் நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் எல்லாம் வரும். இவற்றைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. குளிர் ஏற ஏற மூளை மந்தமாகி, ஆபத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடுமாம். நடுக்கம் நின்றால் "குணமாகிவிட்டது" என்று பொருள் அல்ல. நடுங்குவதற்கும் சக்தி இல்லை என்று பொருள்.

இரண்டாவது எதிரி, வெண்மை. தரையும் வெள்ளை, மேகமும் வெள்ளை, நடுவில் பறக்கும் பனித்தூளும் வெள்ளை. நிழல் விழுவதில்லை. ஆகவே, அடுத்த அடி மேடா பள்ளமா என்று கண்ணால் சொல்ல முடியாது. அப்போது திசைகாட்டியைப் பார்த்து, அடிகளை எண்ணிக்கொண்டே நடப்பார்கள். நூறு மீட்டருக்குத் தனக்கு எத்தனை அடி வரும் என்று ஒவ்வொருவரும் முன்பே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

கணக்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1892ஆம் ஆண்டில் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறுநர் ஒரு விதி சொன்னார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் பலர் இந்த விதியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புதிதாக விழுந்த மென்பனியில் இது பொய்த்துவிடும். முன்னால் போகிறவர் காலை ஊன்றி, புதைந்து, உருவி, மறுபடி ஊன்ற வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அந்தத் தடத்தில் கால் வைத்து வரலாம். முன்னவர் சீக்கிரம் களைத்துவிடுவதால் முறை மாற்றிக்கொள்வார்கள். ஒரு மணி நேரப் பாதை மூன்று மணி நேரமாகும். சூரியனோ காத்திருப்பதில்லை.

இனி, என் மனத்தை விட்டு அகலாத அந்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1971 நவம்பர் 20, சனிக்கிழமை. எடின்பரோ நகரப் பள்ளி ஒன்றின் மாணவ மாணவியர் இந்தப் பீடபூமியைக் கடக்க இரண்டு குழுக்களாகப் புறப்பட்டார்கள். வலுவானவர்கள் முன் குழுவில். பின் குழுவில் ஆறு பேர். அநேகமாக எல்லோரும் 15 வயதினர், பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இளம்பெண். அவருக்குத் துணையாக வந்தவருக்கு வயது 18. பீடபூமியின் நடுவே ஒரு சிறு மலைக்குடில் இருந்தது. பனிப்புயல் கிளம்பியது. முன் குழு எப்படியோ குடிலை அடைந்து உள்ளே தங்கியது. பின் குழுவால் குடிலைக் காண முடியவில்லை. பிள்ளைகள் களைத்துவிட, திறந்த வெளியிலேயே அன்றிரவைக் கழித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் புயல் ஓயவில்லை. எழுந்து நடக்க முயன்றும் அதிக தூரம் போக முடியாமல் இரண்டாவது இரவும் அங்கேயே கழிந்தது. திங்கட்கிழமை, பனியில் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்துகொண்டிருந்த தலைவியை ஹெலிகாப்டரில் வந்தவர்கள் கண்டார்கள். மற்றவர்களைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. எட்டுப் பேரில் உயிர் பிழைத்தவர்கள் அந்தத் தலைவியும் ஒரு மாணவனும் மட்டுமே.

அதன் பிறகு, தலைமை தாங்குகிறவர்களின் பயிற்சியைப் பற்றியும் பனிக்காலத்தில் பிள்ளைகளை அழைத்துப் போவதைப் பற்றியும் விசாரணையில் கேள்விகள் எழுந்தன. அவை நியாயமானவை. ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது குடிலைப் பற்றிய விவாதம்தான். "மலைமேல் குடில் இருந்தால் உயிர் தப்பலாம்" என்றார்கள் ஒரு சாரார். "குடில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே திரும்பாமல் மேலே போகிறார்கள்? வெண்மைக்குள் அதைத் தேடியே சாகிறார்கள்" என்றார்கள் மற்றொரு சாரார். நான் முதலில் முதல் கட்சியில் இருந்தேன். அடைக்கலத்தை யாராவது இடிப்பார்களா? ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பரந்த பீடபூமியில் ஒரு சிறு குடில், அதுவும் பனியால் மூடப்பட்டது, எத்தனை சிறிய இலக்கு! கண்டால் அது வீடு. காணாவிட்டால் அதுவே கண்ணி. சில ஆண்டுகளில் அந்தக் குடில் அகற்றப்பட்டது.

நம் மறைக்கல்வி வகுப்புகளில் கேட்டிருக்கும் புனித பெர்னார்டின் விடுதி வேறு வகையானது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, 2,469 மீட்டர் உயரக் கணவாயில், 11ஆம் நூற்றாண்டில் அவர் அதை நிறுவினார். அங்கே ஆட்கள் இருந்தார்கள். வழிப்போக்கர் வந்து கதவைத் தட்டட்டும் என்று அந்தத் துறவிகள் காத்திருக்கவில்லை. வழி தவறியவர்களைத் தேடிப் பனிக்குள் சென்றார்கள், பிற்காலத்தில் நாய்களையும் அழைத்துக்கொண்டு. அவற்றில் புகழ்பெற்ற பாரி என்ற நாயின் பாடம் செய்யப்பட்ட உடல் இன்றும் பெர்ன் நகரக் காட்சிசாலையில் இருக்கிறது. (கழுத்தில் பிராந்திப் பீப்பாய் தொங்குவதெல்லாம் ஓவியர் வரைந்த கற்பனையாம், எனக்குச் சற்று ஏமாற்றமே.)

கொடைக்கானலுக்கு நாங்கள் சுற்றுலா போனபோது மூடுபனியில் இரண்டு கை தூரத்தில் நின்ற தோழியைக் காணாமல் "அக்கா! சிஸ்டர்!" என்று கத்தினோம், பிறகு சிரித்தோம். அன்று எனக்குக் கால் வலித்தது. மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். கெய்ர்ன்கார்மைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதுவே நினைவுக்கு வருகிறது. சனிக்கிழமை பிற்பகலில், இன்னும் வெளிச்சம் இருந்தபோது, "மிஸ், என்னால் முடியவில்லை, திரும்பிவிடலாம்" என்று நான் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

பனிக்கால மலையேறுநர்கள் இப்போது, எத்தனை மணிக்குள் இந்த இடத்தை அடையாவிட்டால் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே, வீட்டு வெப்பத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். குளிர்ந்த மூளையிடம் அந்த முடிவை விடுவதில்லை. குடில் இருந்த பீடபூமியில் இன்று குடில் இல்லை. அங்கு நடக்கிறவர்கள் பலர் எடுத்துச் செல்லும் பொருள்களில், மடித்த மெல்லிய ஆரஞ்சு நிறத் துணிப்பை ஒன்று உண்டு. புயல் வந்தால் அதை எல்லோருடைய தலைக்கு மேலும் கவிழ்த்துக்கொண்டு, ஒருவரோடொருவர் நெருங்கி, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.