ரொட்டி மாவும் தேயிலை வேரும்



ரொட்டி சுடும் கோதுமை மா எங்கேயிருந்து வருது என்று பிள்ளைகளைக் கேட்டால் "கடையிலிருந்து" என்பார்கள். இலங்கையில் விற்பனைக்கென்று கோதுமை பயிரிடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் தானியமாகத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கே சீனக்குடாவில் 1980இல் இயங்கத் தொடங்கிய பிறீமா ஆலையில் அரைபட்டு மூட்டையாகிறது. நாட்டின் மாவில் பெரிய பங்கு இப்படி வருவதுதான். அரைக்கும்போது தவிடும் முளையும் தனியே போய்விடும். மிஞ்சுகிற வெள்ளை மாவில் 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல் மாப்பொருள்தான்.

மாப்பொருள், சீனி, நார் எல்லாம் காபோவைதரேற்று என்ற ஒரே குடும்பம். காபன், ஐதரசன், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தது. இதில் சின்னப் பிள்ளை குளுக்கோசு. அதில் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்கள் உண்டு. ஆயிரக்கணக்கான குளுக்கோசு மணிகளைக் கோத்தால் மாப்பொருள். ரொட்டியை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள், கொஞ்ச நேரத்தில் இனிக்கும். எச்சிலில் உள்ள அமிலேசு என்ற நொதியம் கோர்வையை அறுப்பதால்தான் அந்த இனிப்பு.

அதே குளுக்கோசை வேறு விதமாகக் கோத்தால் செலுலோசு, அதாவது நார். முற்றிய தேயிலையின் நரம்பும் காம்பும் அதனால்தான் விறைப்பு. நம் வயிற்றில் அதை அறுக்கும் நொதியம் இல்லை. மாட்டுக்கு அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

தேயிலைச் செடியும் நம்மைப் போலச் சேமிக்கிற ஆள்தான். வெயிலில் இலை தயாரிக்கும் குளுக்கோசில் மிஞ்சியதை மாப்பொருளாக வேரில் வைத்துக்கொள்ளும். கவ்வாத்து வெட்டினால் இலையே இருக்காது. புதுத் துளிர் வரும்வரை அந்தச் சேமிப்பில்தான் உயிர் வாழணும். அதனால்தான் வெட்டுமுன் பென்சில் பருமனான வேரை நறுக்கி அயடின் போட்டுப் பார்க்கிறார்கள். கருநீலம் ஏறினால் வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் செடியைக் கொழுந்து பறிக்காமல் ஆறவிடவேண்டும். வேர் வெறுமையாக இருக்கும்போது வெட்டினால் செடி செத்தே போகலாம்.

நம் உடம்பில் அந்தச் சேமிப்புக்குப் பெயர் கிளைக்கோசன். ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் அதைவிடச் சில மடங்கு. மலையேறிக் கொழுந்து எடுக்கும்போது கரைவது இதுதான். ஆனால் வெறும் வயிற்றில் இரத்தம் முழுவதிலும் ஓடும் குளுக்கோசு சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவுதான்! சாப்பிட்டதும் கூடுவதை இன்சுலின் உள்ளே தள்ளிவிடும். அது போதாமலோ சரியாக வேலை செய்யாமலோ போனால் நீரிழிவு. வெறும் வயிற்றுச் சோதனையில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரிடம் போகத் தாமதிக்கவேண்டாம். அடிக்கடி தாகம், சிறுநீர், காலில் ஆறாத புண் என்றால் சோதித்துப் பாருங்கள்.

தேத்தண்ணியைக் கணக்குப் பாருங்கள். கப்புக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஆறு கப் என்றால் 48 கிராம் சீனி. சேர்க்கும் சீனி முடிந்தால் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

குரக்கனில் சீனியே இல்லை என்று சிலர் நம்புகிறார்கள். அதுவும் மாப்பொருள்தான், தவிட்டோடு இருப்பதால் நார் அதிகம், அதுவே லாபம். கோதுமை மாவில் பாதி குரக்கன் கலந்து, தொட்டுக்கொள்ள வெறும் சம்பலோடு நிற்காமல் பருப்பும் கீரையும் வையுங்கள். அந்தச் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கவேண்டாம், கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

பிள்ளைகள் அயடின் சோதனையை வீட்டிலும் செய்யலாம். மா, சோறு, உருளைக்கிழங்கு, சீனி நான்கிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சீனியில் மட்டும் கருநீலம் வராது. சொட்டு விட்டதை யாரும் சாப்பிடாமல் வெளியே கொட்டிவிடுங்கள்.