காரின் மேலதிக விளக்குகளும் மின்னோட்டமும்

நோர்வேயின் வட பகுதியில் வாழும் தமிழர், மாரிகாலத்திற் சூரியனே எழாத வாரங்களை அறிவர். தெற்கே ஒஸ்லோவிலும் டிசெம்பர் மாதத்தில் மாலை 4 மணிக்குள் இருள் கவிந்துவிடும். காட்டு வீதிகளில் எல்க் மான்கள் குறுக்கிடும் அபாயமும் உண்டு. ஆதலாற் காரின் முன்புறத்தில் மேலதிகமான தூர விளக்குகளைப் பொருத்துவோர் பலர். திருத்தகக் கூலிக்கு அஞ்சி இதனைத் தாமே செய்ய முனைவோரும், சாரதி அனுமதிப்பத்திரம் பெற்ற எமது இளைஞரும் அறிய வேண்டிய சிலவற்றை இங்கு நோக்குவோம்.

“வெறும் 12 வோல்ற்றுத்தானே, தொட்டாலும் அதிராது” என்று சொல்வதுண்டு. அது உண்மையே. ஆனால் காரின் மின்சாரம் தீங்கு செய்வது அதிர்ச்சியால் அன்று, வெப்பத்தால். வீட்டிலே 230 வோல்ற்றில் எரியும் 110 வாற்று விளக்கினூடே அரை அம்பியருக்கும் குறைவான மின்னோட்டமே செல்லும். அதே வலுவைக் காரில் 12 வோல்ற்றிற் பெறுவதற்கு 9 அம்பியருக்கு மேல் தேவைப்படும். 55 வாற்று ஹலஜன் விளக்குகள் இரண்டைப் பூட்டுபவர் இத்தகைய மின்னோட்டத்தையே கையாள்கிறார்.

இவ்வளவையும் சாரதியின் முன்னுள்ள சிறிய ஆளியினூடே செலுத்துதல் தகாது. அதற்காகவே றிலே எனப்படும் மின்காந்த ஆளி உள்ளது. அதன் 85, 86 எனக் குறிக்கப்பட்ட முனைகளுக்கு இடையிலுள்ள சுருளுக்கு ஓர் அம்பியரின் சிறு பங்கே போதும். சுருள் இழுத்ததும் 30ஆம் முனையில் பற்றரியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டம் 87ஆம் முனை வழியாக விளக்கிற்குப் பாயும். சுருளுக்கான சைகையைக் காரின் தூர ஒளிக் கம்பியிலிருந்து பெற வேண்டும். அப்போதுதான் எதிரே வாகனம் வர ஒளியைத் தாழ்த்தும்போது மேலதிக விளக்கும் அணையும்.

உருகி விளக்கைக் காப்பதற்கென்று பலர் எண்ணுகின்றனர். அது காப்பது கம்பியை. ஆகையால் அதன் இடம் விளக்கின் அருகில் அன்று, பற்றரியின் அருகில். பற்றரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பி பாதுகாப்பற்றது. அது தகட்டின் விளிம்பில் உராய்ந்து தோலிழந்தால், இயந்திரத்தை இயக்க நூற்றுக்கணக்கான அம்பியரை வழங்கவல்ல பற்றரி அத்தனையையும் அக்கம்பியிலேயே கொட்டிவிடும். மேற்சொன்ன இரு விளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் 15 அம்பியர் உருகியும் பொருந்தும். உருகி எரிந்தால் 30 அம்பியர் உருகியைச் செருகுவது, நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டுவது போன்றது.

எனினும் உருகி காணாத ஆபத்தொன்று உண்டு. அதுவே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம்: கெட்ட இணைப்பு. ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை மட்டும் ஏற்பட்டதாகக் கொள்வோம். 9 அம்பியர் பாயும்போது அங்கு எழும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க, ஏறத்தாழ 16 வாற்று. இது சிறியதொரு பற்றாசுக்கோலின் வலு! பிளாஸ்ரிக் உறை இளகும், கம்பியின் தோல் கருகும். உருகியோ அசையாது, ஏனெனில் தடை கூடும்போது மின்னோட்டம் கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்கிறது.

இந்நாட்டு வீதிகளில் தூவப்படும் உப்பு இத்தகைய தடையை விரைவிலே வளர்க்கிறது. கம்பியை வெட்டாமற் கவ்விப் பிடிக்கும் நீலநிறப் பிளாஸ்ரிக் கவ்விகள் வேலைக்கு எளிது. ஆனால் அவை கம்பியின் தோலைத் துளைத்து உப்புநீருக்கு வழி திறக்கின்றன. முன்புறத்தில் அவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து. உரிய கருவியால் நசுக்கிப் பொருத்திய முனையும், அதன்மேற் சூடாக்கினாற் சுருங்கும் பசைக் குழாயும் பல மாரிகளைத் தாங்கும். எர்த் கம்பியைப் பூட்டுமிடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் இறுக்கிப் பின்னர் கிறீஸ் பூசுதல் வேண்டும். சைகை விளக்கு மின்னும்போது பின்விளக்கும் சேர்ந்து மங்கி ஒளிர்ந்தால், எர்த் இணைப்பு கெட்டு மின்னோட்டம் வேறு குமிழினூடே வழி தேடுகிறது என அறியலாம்.

கம்பி மெலிந்தாலும் நட்டமே. விளக்கை அடையும் அழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால் ஹலஜன் குமிழின் ஒளி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். விலையுயர்ந்த விளக்கை வாங்கி மலிந்த கம்பியைப் பூட்டுவதில் என்ன பயன்?

எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிகள் குறைந்த மின்னோட்டத்தில் இயங்குவதால் இத்தொல்லைகள் தணிகின்றன; வேறு தொல்லைகள் வருகின்றன. சைகைக் குமிழை எல்.ஈ.டி. ஆக மாற்றினால் மின்னோட்டம் குறைவதைக் கண்டு, குமிழ் எரிந்துவிட்டதென்று கார் கருதி விரைவாக மின்னத் தொடங்கும். அதனை ஏய்க்க 6 ஓம் தடையொன்றை இணைப்பர். அத்தடை எரியும் நேரத்தில் 24 வாற்றுக்கு மேல் வெப்பம் வெளியிடும். அதனைப் பிளாஸ்ரிக்கிலோ கம்பிக் கட்டிலோ ஒட்டாது உலோகத் தகட்டிற் பூட்டல் வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் விளக்கிற்கு மின்சாரம் துடிப்புத் துடிப்பாகவே வழங்கப்படும். அங்கிருந்து சைகை எடுத்தால் றிலே படபடக்கும். அவ்வகைக் கார்களுக்கு அவற்றிற்கென்றே செய்த இணைப்புத் தொகுதியை வாங்குவதே உத்தமம்.

இருவாயி ஒரு திசையில் மட்டுமே மின்னைக் கடத்தும். யாழ்ப்பாணத்தில் ஓடிய, 1950களில் உருவான மொறிஸ் மைனர் கார்களிற் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது! இன்றைய கார்களில் அது எதிர்முனை. விளக்கு வாங்கும்போது வட்டத்தினுள் ஈ எழுத்தும் நாட்டின் எண்ணும் கொண்ட அங்கீகாரக் குறியைப் பார்க்க. நோர்வேயின் எண் 16. பிற நாட்டு எண்ணாயினும் செல்லும்.

வேலையைத் தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுக. முடிந்தபின் விளக்குகளை அரைமணி நேரம் எரியவிட்டு அணைத்து, உருகியின் கூட்டையும் ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க. றிலே இளஞ்சூடாக இருப்பது இயல்பு. ஏதேனும் ஓர் இணைப்பு மட்டும் மற்றவற்றிலும் சூடாக இருப்பின் அதனைக் கழற்றி மீளச் செய்க.