கட்டியை உடனே எடுக்கலாமா? ஸ்கேன் சொல்லும் பதில்

"கட்டின்னு தெரிஞ்சு போச்சே டாக்டர், இன்னும் ஏன் ஆபரேஷன் பண்ணாம வச்சிருக்கீங்க?"

புற்றுநோய்க் கட்டி வந்த குழந்தையின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதற்றம் நியாயம்தான். ஆனால் சில கட்டிகளில் அவசரப்பட்டுக் கத்தி வைப்பதுதான் ஆபத்து.

நியூரோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில்தான் அதிகம் உண்டாகிறது. கழுத்து, மார்பு, இடுப்பிலும் வரலாம்.

இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்திலுள்ள பெரிய ரத்தக் குழாய்களைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். முள்ளில் மாட்டிய சேலை கதைதான். வெடுக்கென்று இழுத்தால் கிழியும்!

ஆபரேஷனுக்கு முன்பே இதைக் காட்டிக் கொடுப்பது சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். படத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று 20 அபாய அறிகுறிகளைச் சர்வதேச நிபுணர் குழு 2009-ல் வெளியிட்டது. அவற்றில் சில:

* இதயத்திலிருந்து வரும் மகா தமனியைக் கட்டி சூழ்ந்திருக்கிறதா?
* மூச்சுக்குழாயை அழுத்துகிறதா?
* சிறுநீரகத்துக்குள்ளோ கல்லீரலுக்குள்ளோ ஊடுருவியிருக்கிறதா?
* முதுகுத்தண்டின் உள்ளே, தண்டுவடம் இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகுந்திருக்கிறதா?

நோய் வேறு இடங்களுக்குப் பரவாமல், இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் 'எல் 1'. பொதுவாக நேரே ஆபரேஷன் செய்யலாம். ஒன்று இருந்தாலும் 'எல் 2'. அவசரப்பட்டால் ரத்தப்போக்கு, சிறுநீரக இழப்பு, நரம்பு பாதிப்பு வரலாம். அதனால் பெரும்பாலும் முதலில் துளி சதை எடுத்துப் பரிசோதனை, பிறகு கீமோதெரபி. கட்டி சுருங்கியதும் மறுபடி ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் பற்றி முடிவு செய்வார்கள்.

'எல் 2' என்றால் "கைவிட்டுட்டாங்க" என்று அர்த்தமில்லை. இப்போது வேண்டாம் என்பதுதான் அர்த்தம். அதோடு, ஸ்கேன் மட்டுமே எல்லாம் அல்ல. குழந்தையின் வயது, சதைப் பரிசோதனை, மரபணுச் சோதனை எல்லாம் சேர்ந்துதான் சிகிச்சையைத் தீர்மானிக்கும்.

பெற்றோர் கவனத்துக்கு: அசையாமல் படுக்க வைக்க, சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். எத்தனை மணி நேரம் பால், சாப்பாடு கூடாது என்று கேட்டு, அப்படியே செய்யுங்கள். மருந்து அலர்ஜி ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வையுங்கள். கட்டி எவ்வளவு சுருங்கியது என்று ஒப்பிட அவை வேண்டும்.

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ஸ்கேன்ல என்ன ரிஸ்க் தெரியுது? அடுத்த ஸ்கேன் எப்போ?"