யார் சொன்னார்கள் என்று கேள்

அன்புள்ள தங்கைக்கு,

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் மனநல ஆலோசகராக உட்காரப் போகிறாய். 'கல்யாணம் என்றாலே பயமாயிருக்கு' என்று தொடங்கி, அம்மா அப்பா பிரிந்த கதையில் வந்து நிற்பவர்கள் உன்னிடம் நிறைய வருவார்கள். படிவத்தில் 'பெற்றோர் விவாகரத்து' என்ற கட்டத்தில் டிக் போட்டதும் காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அந்த அவசரம் வேண்டாம். நம் ஜனங்களுக்கு அந்தக் கட்டமே போதாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். விவாகரத்து வாங்காமலே பிரிந்து வாழ்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். ஆலை வேலையை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய இந்த லைன் வீடுகளிலும் எத்தனையோ பிரிவுகள் கோர்ட் வாசலை மிதிப்பதில்லை. 'அம்மா ஊருக்குப் போயிருக்கா' என்ற ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துவிடும். குழந்தை அந்த வாக்கியத்தை நம்பி வருஷக்கணக்காகக் காத்திருக்கும்.

பிரிவு பிள்ளைகளை எவ்வளவு தூரம் துரத்துகிறது என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. ஜூடித் வாலர்ஸ்டைன் 1971 முதல் கலிஃபோர்னியாவில் 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, காயம் காதலிக்கும் வயதில்தான் முழுதாக வெளிப்படுகிறது என்றார். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பிரியாத குடும்பங்களை அவர் தொடக்கத்தில் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்த மேவிஸ் ஹெதரிங்டன், பிரிந்த வீட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 20 முதல் 25 பேருக்கும், பிரியாத வீடுகளில் 10 பேருக்கும் கடுமையான சிக்கல்கள் இருப்பதாகக் கண்டார். இரண்டு மடங்கு என்பது சின்ன விஷயமில்லை. நல்லபடியாகத் தேறிய முக்கால்வாசிப் பேரும் சின்ன விஷயமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது பால் அமேட்டோவும் ஆலன் பூத்தும் 1997இல் எழுதியது: ஓயாத சண்டை நடந்த வீட்டில் பிரிவு பிள்ளைகளுக்கு நிம்மதியாகவே அமையலாம், சண்டையே கண்ணில் படாத வீடு திடீரென்று உடையும்போதுதான் அடி பலமாக விழுகிறது. ஏன் என்று புரியாத பிரிவுதான், பிற்காலத்தில் எந்த உறவும் காரணமின்றி அறுந்துபோகலாம் என்ற அச்சமாக மாறுகிறது என்று நான் நினைக்கிறேன்.

அதனால்தான் வருகிறவர்களோடு அந்தப் பழைய நினைவைப் பேசிப் பார்க்கச் சொல்கிறேன். இதற்கு நீ மறுப்புச் சொல்லலாம். பெண் பார்க்க வருகிறவர்கள் 'அப்பா எங்கே?' என்று கேட்கும் கேள்விதானே உண்மையான காயம், நினைவை ஏன் குடைய வேண்டும் என்பாய். பாதி சரி. ஊர் வாய் தரும் வலியை அலசி ஆராய்ந்து போக்க முடியாது. ஆனால் அதே கேள்விக்கு ஒருத்தி நிதானமாகப் பதில் சொல்கிறாள், இன்னொருத்தி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அந்த வித்தியாசம் அவரவர் கையில் என்ன கதை இருக்கிறது என்பதில் இருக்கிறது. மேரி மெய்னும் அவருடைய சகாக்களும் 1980களில் பெற்றோர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டபோது, நடந்தது எவ்வளவு துயரமானது என்பதைவிட, அதைக் கோவையாகச் சொல்ல முடிகிறதா என்பதே அவர்கள் தம் குழந்தையோடு கொண்ட பிணைப்போடு அதிகம் பொருந்தி வந்தது. அது பெற்றோர் பிள்ளை உறவைப் பற்றிய ஆய்வு. கணவன் மனைவி உறவுக்கும் அது பொருந்தும் என்பது என் நம்பிக்கை.

நினைவு பொய் சொல்லும் என்பதும் உண்மைதான். உன் எதிரே இருப்பவளுக்கு ஞாபகமிருப்பது ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றிய தையல் மெஷினும், அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாமாவும் மட்டுமாக இருக்கலாம். அன்றைக்கு அவளுக்கு ஆறு வயதா எட்டு வயதா என்று விசாரிக்காதே; நீ போலீஸ் இல்லை. 'மெஷின் எங்கே போகுதுன்னு உனக்கு யார் சொன்னாங்க?' என்று கேள். பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தான் அடம்பிடித்ததால்தான் அம்மா போனாள் என்று அவளே முடிவு கட்டி, இன்றைக்குப் புருஷனிடம் எதையும் வாய்விட்டுக் கேட்காமல் இருக்கக்கூடும். அந்த முடிவைப் பேசிக் கலைப்பது உன் வேலை. அப்பா நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்வது இல்லை. அந்த மாமாவோ பாட்டியோ உயிரோடு இருந்தால், அவளுக்கும் மனசிருந்தால், அடுத்த சந்திப்புக்குள் போய் நேரில் கேட்டுவிட்டு வரச் சொல்.