அலுவலகத்துக்கு வீடியோ செயலி: ஆறு நம்பிக்கைகள், ஆறு உண்மைகள்

விழுப்புரத்தில் தலைமை அலுவலகம், செஞ்சியில் ஒரு கிளை, தளவானூர், மேல்மலையனூர் பக்கம் களப் பணியாளர்கள் நாலைந்து பேர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, நுண்கடன் அலுவலகமோ, தொண்டு நிறுவனமோ, இந்த வட்டாரத்தில் பல இப்படித்தான் பரந்து கிடக்கின்றன. 2020 ஊரடங்குக்குப் பிறகு எல்லாரும் வீடியோவில் பேசிக்கொள்ளப் பழகிவிட்டோம். ஆனால் எந்தச் செயலியை வைத்துக்கொள்வது என்ற முடிவை விளம்பரத்திடமும் பக்கத்து அலுவலகத்திடமும் விட்டுவிடுகிறோம். வீணாவது பணியாளரின் நேரமும் டேட்டாவும். அடிக்கடி காதில் விழும் ஆறு நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: காசு கொடுத்து வாங்கினால் படம் உடையாது.

உண்மை: படம் உடைவதற்குப் பெரும்பாலும் நெட்தான் காரணம். ஜூம் நிறுவனம் தன் பயனர்களுக்குத் தரும் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவான படத்தோடு குழுவாகப் பேச, அனுப்புவதற்கு நொடிக்கு 1 மெகாபிட், பெறுவதற்கு 600 கிலோபிட் வேகம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 720 எம்பி. தினம் 1.5 ஜிபி கிடைக்கும் திட்டத்தில் இருப்பவருக்கு இரண்டு மணி நேரத்தில் அன்றைய டேட்டா ஏறக்குறையத் தீர்ந்துவிடும். குரல் மட்டும் என்றால் அதே ஒரு மணி நேரத்துக்கு 72 எம்பி போதும். மொபைல் நெட்டில் அனுப்பும் வேகம் பெறும் வேகத்தைவிடக் குறைவு. கருங்கல் குன்றுகள் சூழ்ந்த செஞ்சிப் பகுதியில், டவருக்கும் நமக்கும் நடுவே குன்று நின்றால் அது இன்னும் குறையும். ஆகவே புதுச் செயலியைத் தலைமை அலுவலகத்து வைஃபையில் சோதிப்பதில் பயனில்லை. சிக்னல் மிகக் குறைவாகக் கிடைக்கும் பணியாளரின் கைபேசியில் சோதியுங்கள்.

நம்பிக்கை 2: எல்லாரும் ஒரே நேரத்தில் திரையில் வந்தால்தான் வேலை நகரும்.

உண்மை: ஆறு நம்பிக்கைகளில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். வீடியோவில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரலைக் கூட்டம். மற்றொன்று பதிந்து அனுப்பும் வீடியோச் செய்தி. முகத்தையோ, கணினித் திரையையோ, கண்முன் இருக்கும் பொருளையோ இரண்டு நிமிடம் பதிந்து அனுப்பினால், பார்ப்பவர் தனக்கு ஒழியும் நேரத்தில் பார்த்துப் பதில் சொல்லலாம். லூம் போன்ற செயலிகள் இதற்காகவே உருவானவை. அட்லாசியன் நிறுவனம் 2023-இல் லூமை 97.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்த முறைக்கு அவ்வளவு தேவை இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: தளவானூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் என்ற குடைவரைக் கோயில் இருக்கிறது. அப்படியொரு குடைவரையில் மழைக்குப் பின் பாறைச் சுவரில் நீர் கசிவதை ஒரு பணியாளர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரலை அழைப்பில் சிக்னல் விட்டுவிட்டு வரும். கசிவு எங்கே தொடங்குகிறது என்பது அந்தப் பக்கம் தெரியாது. அதையே நிதானமாக, பேசிக்கொண்டே பதிந்தால், நொடிக்கு 1 மெகாபிட் அளவில் இரண்டு நிமிடத்துக்கு 15 எம்பிதான் ஆகும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடலாம். பொறியாளர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு மழைக்குப் பின் ஒப்பிட்டும் பார்க்கலாம். நெல் வரத்து மிகுந்த நாளில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நிற்பவரைக் காலை பத்து மணிக்குக் கூட்டத்துக்கு அழைப்பதைவிட, அவர் மாலையில் பார்க்கும்படி ஒரு வீடியோ அனுப்புவது மேல்.

ஆனால் தகராறு, சம்பளப் பேச்சு, மனம் நோகும் செய்தி ஆகியவற்றைப் பதிந்து அனுப்பக் கூடாது. அவற்றை நேரிலோ நேரலையிலோதான் பேச வேண்டும். தேதி, தொகை, முகவரி போன்றவை எழுத்தில் இருக்க வேண்டும். வீடியோவுக்குள் அவற்றைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

நம்பிக்கை 3: கேமரா போட்டிருந்தால்தான் கவனிக்கிறார் என்று பொருள்.

உண்மை: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வீடியோக் கூட்டம் ஏன் களைப்பூட்டுகிறது என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பல முகங்கள் மிக அருகில் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, தலையசைப்பு முதலான குறிப்புகளைக் காட்டவும் புரிந்துகொள்ளவும் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பது. எனவே கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளோடு இருந்தபடி பேசும் பெண் பணியாளருக்கு அது கூச்சத்தையும் தரும். தன் படத்தைத் தனக்கு மட்டும் மறைக்கும் வசதியும், குரலில் மட்டும் சேரும் வசதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நம்பிக்கை 4: பாதுகாப்பானது என்று நிறுவனமே சொல்லிவிட்டால் போதும்.

உண்மை: எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்றால் பேசுகிறவர்களைத் தவிர, செயலி நடத்தும் நிறுவனம் உட்பட யாராலும் கேட்க முடியாது என்று பொருள். ஜூம் இதைத் தருவதாகச் சொல்லிவந்தது. உண்மையில் திறவுகோல்கள் அந்த நிறுவனத்தின் கையிலும் இருந்தன. அமெரிக்க வர்த்தக ஆணையம் இதைக் குற்றமாகச் சாட்டியதும், 2020 நவம்பரில் ஜூம் சமரச உடன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், அரசு அலுவலர்கள் அலுவல் பணிக்கு ஜூமைப் பயன்படுத்த வேண்டாம் என்று நம் உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியது. பின்னர் ஜூம் உண்மையான எண்ட்-டு-எண்ட் வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் அதை நாமே இயக்க வேண்டும். இயக்கினால் கிளவுடில் பதிவு செய்ய முடியாது, சாதாரண தொலைபேசியிலிருந்து சேரவும் முடியாது. கூட்டத்துக்குக் கடவுச்சொல், காத்திருப்பு அறை, யார் பதிவு செய்யலாம் என்ற வரம்பு ஆகிய மூன்றையும் முதல் நாளே சரிசெய்துவிடுங்கள்.

நம்பிக்கை 5: வாட்ஸ்ஆப் இருக்கிறதே, அதுவே போதும்.

உண்மை: ஐந்தாறு பேர் கொண்ட குழுவின் அன்றாடப் பேச்சுக்குப் போதும்தான். 32 பேர் வரை வீடியோ காலில் சேரலாம். சிக்கல் வேறு இடத்தில். கடன் பெற்ற பெண்ணின் ஆதார் படமும், உழவரின் வங்கிக் கணக்குப் புத்தகமும் பணியாளரின் சொந்தக் கைபேசியில் தங்கிவிடும். அவர் வேலையை விட்டுப் போனாலும் அவை அங்கேயே இருக்கும். குழுவிலிருந்து நீக்கினாலும் பழைய செய்திகள் அவர் போனிலிருந்து அழிவதில்லை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைக் காக்கும் பொறுப்பை அவற்றைத் திரட்டும் நிறுவனத்தின் மேல் வைக்கிறது. மக்களின் ஆவணங்கள் கைமாறும் அலுவலகத்துக்கு, நிர்வாகி கணக்கை முடக்கக்கூடிய தனிச் செயலி தேவை.

இலவசச் செயலிகளின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூமில் 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். லூமில் 25 வீடியோ, ஒவ்வொன்றும் 5 நிமிடம். இவை மாறக்கூடியவை. செயலியே மூடப்படவும் கூடும்: ஒரு தலைமுறைக்கே வீடியோ காலைப் பழக்கிய ஸ்கைப், 2025 மே 5-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. நம் பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

நம்பிக்கை 6: நம் நாட்டுச் செயலி என்றால் தரம் இருக்காது.

உண்மை: மத்திய அரசு 2020-இல் நடத்திய வீடியோச் செயலிப் போட்டியில் வென்றது கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்சியாவின் விகன்சோல். தென்காசி அருகே மத்தளம்பாறையிலிருந்தும் இயங்கும் ஸோஹோவின் கிளிக், மீட்டிங் ஆகியவை உலகச் சந்தையில் விற்கின்றன. நம் நாட்டுச் செயலி என்றாலே சிறந்தது என்ற எதிர் நம்பிக்கையும் தவறு. ஸோஹோவின் ‘அரட்டை’ செயலி 2025-இல் நாடெங்கும் பேசப்பட்டபோது, அழைப்புகளுக்கு எண்ட்-டு-எண்ட் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு அது பிறகுதான் வந்தது. ஊர்ப்பெயரைப் பார்த்து வாங்குவதும் ஒதுக்குவதும் ஒரே பிழைதான். வசதிகளைச் சோதித்து வாங்குங்கள்.

செயலி வாங்கும் முன் ஒரு வாரம், உங்கள் அலுவலகத்தில் நடக்கும் ஒவ்வொரு கூட்டமும் எதற்காகக் கூடியது என்று எழுதிவையுங்கள். எழுத்தில் முடிந்திருக்கக்கூடியவை, பதிந்து அனுப்பியிருக்கக்கூடியவை, சேர்ந்து பேசியே தீர வேண்டியவை என மூன்றாகப் பிரியுங்கள். பிறகு, நெட் மிகவும் பலவீனமாக உள்ள ஊரில் வேலை பார்க்கும் பணியாளரிடம் இரண்டு செயலிகளைக் கொடுத்து, எது ஓடுகிறது என்று கேளுங்கள். அவருக்கு ஓடுகிற செயலி எல்லாருக்கும் ஓடும். அதையே வாங்குங்கள்.