மனாஸில் இரண்டு தினங்கள்

கேள்வி: பிரேசில் செல்லும்போது, அமேசான் பிரதேசத்து மனாஸ் நகரில் இரண்டு தினங்களே தங்க இயலும். எவற்றைக் காணலாம்?

பதில்: ரப்பர் வியாபாரத்தால் ஐசுவரியம் கொழித்த காலத்தில் எழும்பி, 1896-இல் திறக்கப்பெற்ற அமேசான் நாடகசாலையையும், நதிக்கரையிலுள்ள பழைய அங்காடியையும் முதல் தினத்தில் சாவகாசமாகப் பார்த்துவிடுங்கள். மறுநாள் காலையில் படகேறி, கரிய நீக்ரோ நதியும் வண்டல் நிறைந்த சொலிமோயிஸ் நதியும், உஷ்ணத்திலும் வேகத்திலும் அடர்த்தியிலும் பேதப்பட்டிருப்பதனால், சுமார் 6 கிலோமீட்டர் தூரம் ஒன்றோடொன்று கலவாமல் அருகருகே ஓடும் அற்புத சங்கமத்தைத் தரிசியுங்கள். வெள்ளம் உச்சமடையும் ஜூன் மாதத்தை ஒட்டிச் சென்றால், நீர் சூழ்ந்த வனத்தினூடே சிறு தோணியிலும் சஞ்சரிக்கலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பிரயாணத்துக்கு 10 நாட்களுக்கு முன்பே போட்டுக்கொண்டு, சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோருக்கு அது அவசியம்.